குழாயா, பெட்டியா

எப்சிபாவின் காதைப் புகழ்ந்தவர்கள் யாரும் அவளுக்காகப் புகழவில்லை. கண் தெரியாதவளுக்குக் கடவுள் காதில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டால் சொன்னவர்களுக்கு மனசு லேசாகிவிடும், அதற்காகத்தான். கூடுதலாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து காதை நம்பியே பிழைத்தவள். தினமும் மாவு பிசைகிறவளுக்குக் கை பழகுவதுபோல அவளுக்குக் காது பழகியிருந்தது. ஆனாலும் புகழ்ச்சி புகழ்ச்சிதானே. சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரன் "உங்க காதுதான் வேணும்" என்று சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அங்கேதான் பிடித்தது சனி.

சீயோன்விளை சபையில் அவள்தான் ஆர்கன் வாசிக்கிறவள். பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போனால் வரும் ஊர் அது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலில் வரவழைத்த குழாய் ஆர்கன் ஒன்று அந்த ஆலயத்தின் முன்பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் உயரத்துக்கும் மேலான ஈயக் குழாய்களும் சுண்டுவிரல் அளவுக் குழாய்களுமாக நானூற்றுச் சொச்சம். கீழே காற்றை அடைத்து வைக்கிற துருத்தி. அந்தத் துருத்தியின் தோல் வெடித்து, ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, இனி அதிக நாள் தாங்காது என்று ஆகிவிட்டது. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி கூடி, குழாய்களை இறக்கிவிட்டுக் கணினி ஆர்கன் வாங்குவது என்று முடிவு செய்தது. எப்சிபாவை யாரும் கேட்கவில்லை. முடிவான பிறகு, "நீதானம்மா சரிபார்க்கணும்" என்று சபைப் போதகரான சேகர குரு பெரிய மனசோடு சொன்னார்.

கம்பெனிக்காரன் பெயர் நிவேதன். சொந்த ஊர் கோயம்புத்தூர், முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சில் மரியாதையும் நடையில் அவசரமும் இருந்தன. ஆர்கன் கூட்டின் உள்ளேயே ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்து முதல் பாட்டைப் போட்டுக் காட்டினான். எப்சிபா இரண்டு வரிகூடக் கேட்கவில்லை.

"கல்யாண மண்டபத்துக் கீபோர்டு மாதிரி இருக்கு, தம்பி."

"ஒவ்வொரு குழாயையும் தனித்தனியா பதிவு பண்ணியிருக்கோம், அக்கா. காத்து எப்படி ஓடுதுன்னுகூட கணக்குப் போட்டிருக்கோம்."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். மனுஷன் வாசிக்க மாதிரி இல்லையே."

அவன் வருத்தப்படுவான் என்று நினைத்தாள். அவனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினான்.

"இதைத்தான் தேடிட்டு இருந்தோம். ஆர்கனை அப்படியே கத்துக்கறது முடியாத காரியம், அக்கா. ஒரு மழை பெஞ்சா மாறிடும், நூறு பேர் உள்ள வந்தா மாறிடும். ஆனா கேக்கறவங்க காதைக் கத்துக்கலாம். எங்க புது மென்பொருள் அதைத்தான் செய்யுது. ஒரே பாட்டை நிஜக் குழாயில ஒரு தடவை, எங்க பெட்டியில ஒரு தடவை, மாத்தி மாத்திப் போடுவோம். நீங்க குழாயா பெட்டியான்னு சொல்லணும். நீங்க கண்டுபிடிக்க கண்டுபிடிக்க அது தன்னைத் திருத்திக்கும். உங்க காதால பிரிக்க முடியாத இடத்துக்கு வந்துட்டா வேலை முடிஞ்சுது."

"என்னால பிரிக்க முடியாம போவுமா?"

"போகாதுன்னுதான் எங்க ஆபீஸ்ல பந்தயம் கட்டியிருக்காங்க" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இப்படியாக மத்தியானம்தோறும் ஆலயத்தில் பரீட்சை நடந்தது. ஆர்கன் கட்டைகளைத் தானாக அமுக்குகிற காந்தங்களைப் பொருத்தியிருந்தார்கள். எப்சிபா நடுப்பெஞ்சில் உட்கார்ந்து, வலது கையில் ஒரு பொத்தான், இடது கையில் ஒரு பொத்தான் வைத்துக்கொண்டு கேட்டாள். முதல் வாரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. நிவேதன் ஒவ்வொரு தடவையும், "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். அவளும் சொன்னாள். திருடனைக் கூப்பிட்டு வைத்துச் சாவி இருக்கிற இடத்தைக் காட்டுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாராவது பக்குவம் கேட்டால் சொல்லாமல் இருப்போமா?

நடு வரிசையில் ஒரு குழாய் ஊதி முடித்த பிறகும் இம்மியளவு காற்றுக் கசியும் என்றாள். மறுநாள் பெட்டியிலும் கசிந்தது. காலையில் ஈரம் இருந்தால் மரக் குழாய்கள் கொஞ்சம் தாமதமாக வாய் திறக்கும் என்றாள். அதுவும் வந்தது. கடைசியாக அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் கொடுத்தாள். சீயோன்விளையில் பாட்டு முடிவில் வரும் 'ஆமென்' மற்ற சபைகளைவிட நீளம். மாடிக்குக் கீழே பின்பெஞ்சுகளில் இருப்பவர்களுக்கு ஆர்கன் சத்தம் பிந்திப் போய்ச் சேரும், அவர்கள் முடிக்கும்வரை முன்னால் இருப்பவர்கள் இழுத்துக்கொண்டு நிற்பார்கள், ஆர்கன் வாசிக்கிறவளும் கையை எடுக்காமல் நிற்பாள். அந்த இழுப்பில் துருத்தியில் காற்றுத் தீர்ந்து சுருதி ஒரு மயிரிழை கீழே இறங்கும். சபையின் தொண்டையும் கூடவே இறங்கும். வெளியூர்ப் பாடகர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எப்சிபாவுக்கோ அந்த இறக்கம்தான் ஞாயிற்றுக்கிழமை.

"அது இல்லன்னா அது எங்க ஆமென் இல்ல, தம்பி" என்றாள்.

அடுத்த வாரம் பெட்டி அந்த ஆமெனைச் சொன்னது. அவள் தயங்காமல் 'குழாய்' என்று அமுக்கினாள்.

அதன் பிறகு அவளுக்குக் குழப்பம் தொடங்கியது. குறை தெரிந்தால் நிஜம் என்று முதலில் வைத்திருந்தாள். பெட்டி குறைகளைக் கற்றுக்கொண்டதும், குறை தெரிந்தால் இது வேண்டுமென்றே வைத்தது என்று சந்தேகம் வந்தது. குறையே இல்லாவிட்டால் அதுவும் சந்தேகம். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ பதிவு செய்து போட்டதுபோல ஒரு கணம் கேட்கும். ஆசீரிடம் சொன்னாள். ஆசீர் அவள் புருஷன், மோட்டார் காயில் கட்டுகிறவர், அதிகம் பேசாதவர். "அலுப்பா இருக்கும், எப்சி. ரெண்டு நாள் போவாதே" என்றார். அவள் போனாள். தோற்றுப் போகிற நிலையில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை.

நிவேதனும் கவனித்திருந்தான்.

"காது நகருது, அக்கா. அதுக்கு ஒரு நங்கூரம் வேணும். உங்களால சந்தேகப்படவே முடியாத ஒரு சத்தம். நடுநடுவுல அதைக் கேட்டா காது பழைய இடத்துக்கு வந்துரும்."

"அதுக்கு எங்க போவ? எங்கிட்டயே இருக்கே" என்றாள் எப்சிபா.

கெத்சியாள் அவள் மகள். மூன்றாம் வகுப்பு, ஆலயத்தை ஒட்டின பள்ளிக்கூடம். மணியடித்ததும் ஓடிவந்து ஆர்கன் பக்கத்தில் நின்று, "அம்மா, நான் வந்துட்டேன்" என்பாள். பெண்பிள்ளைக்குக் கொஞ்சம் கரகரத்த குரல். சண்டைக்காரி மாதிரி இருக்கிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். எப்சிபா மகளின் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் குரல்தான் அவளுக்கு முகம். அந்தக் குரலை நங்கூரமாகக் கொடுத்தாள். அன்றிலிருந்து பரீட்சைக்கு நடுவே பிள்ளை வந்து அந்த ஒரு வரியைச் சொல்லும், எப்சிபா சிரித்துக்கொண்டே 'குழாய்', அதாவது நிஜம், என்று அமுக்குவாள், பிறகு மிச்சப் பாட்டுகளைக் கேட்பாள். உண்மையாகவே உதவியது.

சில வாரம் கழித்து ஒருநாள் வழக்கம்போல "அம்மா, நான் வந்துட்டேன்" என்று கேட்டது. அமுக்கினாள். இன்னும் நாலைந்து பாட்டு ஓடியது. மறுபடியும் "அம்மா, நான் வந்துட்டேன்" என்று கேட்டது. இந்தத் தடவை 'ம்மா'வில் ஏதோ ஒன்று மொட்டையாக இருந்தது. மூச்சு இல்லை. இதைப் போட்டு என்னை ஏமாற்றப் பார்க்கிறானா என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்புக்கூட வந்தது. 'பெட்டி' என்று அமுக்கினாள்.

"அம்மா" என்றது அதே குரல், முழங்கால் பக்கத்திலிருந்து. புத்தகப்பை அவள் மடியில் இடித்தது. "நான்தாம்மா."

எப்சிபா கையை நீட்டித் தொட்டாள். எண்ணெய் வழிகிற நெற்றி, ரிப்பன், வியர்த்த கழுத்து. பிள்ளைதான்.

"முதல்ல வந்தது யாரு?" என்று கேட்டாள். நிவேதன் பாட்டை நிறுத்திவிட்டு அருகில் வந்தான்.

"நங்கூரம் நகரலைன்னு நாங்க உறுதி பண்ணணும், அக்கா. அதுக்காக அந்த வரியையும் மென்பொருள்ல செஞ்சு, சில நாள் அதையே போட்டோம்."

"சில நாள்னா?"

"கொஞ்ச நாளா. நீங்க எல்லாத்தையும் நிஜம்னுதான் சொன்னீங்க."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா அது பரீட்சை இல்லையே, அக்கா."

அவன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு முன்னால் குழாய்களை இறக்கிவிட்டார்கள். புது ஆர்கனை எப்சிபாதான் வாசித்தாள். சபை கண் கலங்கியது. பழைய துருத்திக்கு உயிர் வந்ததுபோல இருக்கிறது என்றார்கள். கமிட்டிச் செயலாளர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அவளுக்கும் பாட்டு நிஜமாகத்தான் கேட்டது. அதைச் சுற்றியிருந்த மனுஷர்கள்தான் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டார்கள்.

மற்றவர்களை அவள் பொறுத்துக்கொண்டாள். ஆசீரின் குரல் பதிவு செய்ததுபோலக் கேட்டாலும் அவர் பேசுவதே குறைச்சல். கெத்சியாளைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடும்போதெல்லாம் யாரோ ஒரு இயந்திரத்தை வைத்து அவளைக் கேலி செய்வதுபோல முதுகு சில்லிட்டது. இது பொய் என்று புத்தி சொல்லும், காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இவ்வளவு நல்ல காதைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிள்ளைகளுக்கு எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தான் பேசினால் அம்மாவின் உடம்பு விறைக்கிறது என்பதைக் கெத்சியாள் ஒரு வாரத்தில் கண்டுகொண்டாள். முதலில் தொட்டுவிட்டுப் பேசினாள். அப்புறம் தொட மட்டும் செய்தாள். எப்சிபா வற்புறுத்தி, "பேசுட்டி, இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க?" என்று கேட்டால், "கணக்கு" என்று மட்டும் மெல்ல வரும். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி தனக்கு இதமாக இருக்கிறது என்று தெரிந்தபோது எப்சிபா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆசீர்தான் நிவேதனுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. நிவேதன் அந்த வாரமே வந்துவிட்டான், கையில் ஒரு சின்னக் காதுக்கருவியோடு.

"உங்க காது எதை நிஜம்னு ஏத்துக்கும்னு அந்த மென்பொருளுக்குத் தெரியும், அக்கா. உங்களைவிட நல்லாத் தெரியும். அதைத் திருப்பிப் போட்டிருக்கேன். எதிர்ல யார் பேசினாலும் உங்க காது தேடறதைச் சேர்த்துக் கொடுக்கும்."

"அப்படி என்னத்தத் தேடுது என் காது?"

அவன் தயங்கினான். "நாங்க செஞ்ச அந்த வரியில 'அம்மா'வுக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு வச்சிருந்தோம். ஓடி வந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கும்னு. கடைசில குரல் லேசா இறங்கும். நீங்க அதுக்குப் பழகிட்டீங்க."

கருவியை மாட்டிக்கொண்டு பிள்ளையைப் பேசச் சொன்னாள். கெத்சியாள் பயந்து பயந்து, "என்னம்மா பேச?" என்றாள். எப்சிபா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் பிள்ளை, அவள் பெற்ற பிள்ளை, அப்பட்டமாக அவளுடைய பிள்ளை பேசுகிறது. என்ன வேண்டுமானாலும் பேசு என்றாள். வாய்ப்பாடு சொல்லு, வேதவசனம் சொல்லு, டீச்சரைத் திட்டு. அன்று இரவு பிள்ளை பேசிக்கொண்டே தூங்கிப்போனது.

அந்த மழைக்காலம் முழுக்க நன்றாகப் போயிற்று. குளிக்கவும் தூங்கவும் மட்டும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது நிவேதன் போனில் பேசினான். அவன் குரல் உடைந்திருந்தது.

"கம்பெனியை வேற ஒருத்தங்க வாங்கிட்டாங்க, அக்கா. சர்ச் ஆர்கன்லாம் அவங்களுக்கு வேண்டாமாம். வித்தது ஓடும், ஆனா உங்க கருவி எங்க சர்வரை நம்பி ஓடுது. வெள்ளிக்கிழமையோட அதை மூடறாங்க."

"நீ கேட்டுப் பாரேன், தம்பி. ஒரு ஆளுக்குத்தானே."

"என்னையே அனுப்பிட்டாங்க, அக்கா. நான் சொன்னதைக் கேட்டுக்க ஆளே இல்ல. மென்பொருளோட அந்தப் பகுதி யார்கிட்ட இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. மன்னிச்சிருங்க."

"சரி, வைக்கேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கருவியில் ஒரு இரைச்சல் வந்து நின்றது. எப்சிபா அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் வந்துட்டேன்."

நிஜமாக இருந்தது. கருவி இல்லாமல், வெறும் காதில், முழுசாக நிஜமாக இருந்தது. எப்சிபா எழுந்து ஓடி மேசையில் இடித்துக்கொண்டு பிள்ளையைக் கட்டிப்பிடித்தாள். "எனக்குச் சரியாயிருச்சுட்டி, எனக்குச் சரியாயிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கெத்சியாளும் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சேகர குரு அவளுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். ஆசீர் பக்கத்தில் நின்றார். ஆமென் சொன்னாரா என்று தெரியவில்லை.

மற்றவர்களின் குரல் மட்டும் இன்னும் பெட்டிக்குள் இருந்தே வந்தது. அதுவும் போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஜாய்ஸ் டீச்சர் ஒருநாள் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"பிள்ளைக்குச் சளி எதுவும் பிடிச்சிருக்கா, எப்சி? இப்பல்லாம் மூச்சு வாங்கிட்டே பேசுதா. டிவியில யாரப் பாத்துப் பழகுனான்னு தெரியல. முந்தி நல்லா கரகரன்னு, தைரியமா பேசுவாளே. அதுதான் கேக்க நல்லா இருந்துச்சு."

எப்சிபா வீட்டுக்கு வந்து ஆசீரைக் கேட்டாள். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

"நீ குளிக்கப் போவும்போது, தூங்கும்போது, அந்தக் கருவிய எடுத்துட்டு மொட்டமாடிக்குப் போயிருவா. காதுல மாட்டிட்டு ஒருக்கப் பேசுவா, கழட்டிட்டு ஒருக்கப் பேசுவா. ரெண்டும் ஒண்ணு போல கேக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே சொல்லிட்டிருப்பா. ரெண்டு மாசமா நடந்துச்சு."

"நீங்க பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

"நீ சிரிச்சிட்டு இருந்த, எப்சி. அவளும் சிரிச்சிட்டு இருந்தா. நான் என்னத்தச் சொல்ல?"

எப்சிபாவுக்குக் கோபம்கூட வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை தன் தாய்க்கு மகளாகக் கேட்பதற்காக மாடியில் தனியாக நின்று ஒத்திகை பார்த்திருக்கிறது. அவள் காதுக்குச் சரியாகவில்லை. எதுவுமே சரியாகவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு கெத்சியாள் வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெத்சி, அம்மா கோவிக்க மாட்டேன். நீ முந்தி மாதிரி பேசு."

"முந்தி மாதிரின்னா?" அந்த மூச்சும் அந்த இறக்கமும் அப்படியே இருந்தன. அதைக் கேட்க எப்சிபாவுக்கு இன்னமும் ஆசையாக இருந்தது, அதுதான் கொடுமை.

"அந்தக் கருவி வாரதுக்கு முன்னால பேசுவியே. உன் சொந்தக் குரல்."

பிள்ளை யோசித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா" என்றது, கொஞ்சம் தடித்து. "இதா?"

எப்சிபா காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா" என்றது மறுபடியும், இந்தத் தடவை கரகரப்பாக. "இதாம்மா?"

அதுவும் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. மூன்றாவதாக ஒன்று, நாலாவதாக ஒன்று. இவற்றில் ஒன்று பிள்ளையின் சொந்தக் குரலாக இருக்கலாம். எல்லாமே பிள்ளை இப்போது உண்டாக்கியதாகவும் இருக்கலாம். ஜாய்ஸ் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றுகூட எப்சிபா நினைத்தாள். தன் மகளின் குரல் எது என்று வேறொருத்தியிடம் போய்க் கேட்க வேண்டும்.

கெத்சியாள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவள் குரல் வந்தது, மறுபடியும் அந்தச் சின்ன மூச்சோடு.

"எனக்கு மறந்து போச்சும்மா. நீ சொல்லு. நீ எதுன்னு சொல்லுதியோ அதையே பேசுதேன்."

எப்சிபாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.